அம்பு நெளியாமல் போக

அம்பு வில்லை விட்டுக் கிளம்பியதும் வாலை ஆட்டிக்கொண்டு போனால், புதிதாகப் பழகுகிறவரின் கை நேரே அரத்துக்குத்தான் போகிறது. இன்று மேல்பக்கம் கொஞ்சம் சீவுவார், நாளை கீழ்ப்பக்கம் கொஞ்சம். ஒரு மாதத்தில் 35 பவுண்டு வில் 25 பவுண்டாக மெலிந்துபோகும். அம்பு மட்டும் பழையபடியே ஆடும். சீவியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் அரம் கடைசியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் நாண், நாணின் உயரம், அம்பு நாணில் நிற்கும் இடம், அம்புத் தண்டின் விறைப்பு என்று, மாற்றிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ளக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. நான் பார்த்தவரை குற்றம் பெரும்பாலும் அம்பில்தான்; அதிலும் விறைப்பில்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாணையும் முறுக்கி, முனையையும் மாற்றி, புது இறகும் ஒட்டிவிட்டு எய்தால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த வில்

இங்கே பேசுவது மூங்கில் வில்லைப் பற்றி. பார்வைக்குறி கிடையாது, அம்பு தாங்கும் தட்டு கிடையாது. பிடிகையின் முட்டிதான் தட்டு. 1973-இல் தொடங்கப்பட்ட இந்திய வில்வித்தைச் சங்கத்தின் போட்டிகளில் ரிகர்வ், காம்பவுண்டு பிரிவுகளோடு ‘இந்தியன் ரவுண்டு’ என்று ஒரு பிரிவு உண்டு. 30 மீட்டர், 50 மீட்டர் என்று நம் நாட்டு வில்லால் எய்வது அது. ராஜஸ்தானின் ஆதிவாசிக் கிராமத்திலிருந்து வந்த லிம்பா ராம் சிறுவயதில் கையில் எடுத்தது மூங்கில் வில்தான். 1992-இல் பெய்ஜிங்கில் 30 மீட்டரில் 360-க்கு 358 எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தபோது அவர் கையில் இருந்தது நவீன வில். மூங்கிலில் பழகிய கண் அங்கேயும் உதவியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தென்பாண்டிச் சீமையில் வில்லின் தொடர்ச்சி அறுந்து நெடுநாளாயிற்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியெடுத்த இரும்புப் பொருள்களில் அம்பு முனைகளும் இருந்தன. பின்னால் வந்த பாளையக்காரர் காலத்தில் பேர் வாங்கியவை வேலும் வளரியும். பாளையக்காரர்களோடு நடந்த 1801 போருக்குப் பிறகு கிழக்கிந்தியக் கும்பினியார் ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். ஆகவே சாத்தூர்ப் பக்கம் தாத்தாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. நாமே அளந்து, எழுதிவைத்துத்தான் கற்க வேண்டும்.

இடது, வலது என்று வரும் இடமெல்லாம் வலதுகைக்காரருக்குச் சொன்னது. அம்பு வில்லின் இடப்பக்கம் நிற்க, மூன்று விரலால் நாணை இழுப்பவர். இடதுகைக்காரர் அப்படியே திருப்பிக்கொள்ளவும்.

கரிசலின் வெயில்

சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசலில் மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, காயப்போட்டது சீக்கிரம் காயும். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோது, அது இங்கே வேர்பிடிக்க இந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். அதே காய்ச்சல் வில்லுக்கு நல்லதும் கெட்டதும். மூங்கிலைப் பதமாக உலர்த்துவதற்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கடியில் மாட்டிவைத்த வில் அளவுக்கு மீறி உலர்ந்து, முழு இழுப்பில் படீரென்று முறியும். ஐப்பசி அடைமழையில் அதே வில் ஈரம் குடித்துச் சோம்பிப்போகும். அம்பு தாழ்ந்து விழும். சித்திரையில் பொருந்திய அம்பு ஐப்பசியில் கொஞ்சம் விறைப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். வில்லின் பலம் குறைந்தால் அம்பு அதற்கு விறைப்பாகிவிடும்.

வில்லை வீட்டுக்குள், உள்சுவர் ஓரம், படுக்கைவாட்டில் இரண்டு ஆணியில் வையுங்கள். நாண் ஏற்றியபடி விடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வேண்டவே வேண்டாம்.

நாண்

நைலான் கயிறு வேண்டாம். இழுக்க இழுக்க நீளும். புதுவகை நீளாத இழைகளும் மூங்கில் வில்லுக்கு ஆகாது. அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் நாண் மாட்டும் நுனிகள் பிளந்துகொள்ளும். டேக்ரான் நாண்தான் இதற்குச் சரி. புதிய நாண் முதல் சில நாள் நீளும். அது நீண்டு அடங்கும்வரை வேறு எதையும் அளக்காதீர்கள். தேன்மெழுகைத் தடவி, ஒரு தோல்துண்டால் சூடேறத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நடுவில் விரல்படும் இடத்தில் நூல் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றின் கனம் முக்கியம். அம்பின் குதையை, அதாவது வாலில் உள்ள பிளவை, நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். அம்பு விழாமல் நிற்க வேண்டும். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் பிடி இறுக்கம். ஒவ்வொரு எய்தலிலும் நாண் அம்பின் வாலைக் கொஞ்சம் பிடித்திழுத்துத்தான் விடும். தொங்கவிட்டதுமே விழுந்தால் ஆபத்து. இழுக்கும்போது குதை நழுவி, வில் வெறும் நாணாகச் சுண்டப்படும். அம்பில்லாமல் சுண்டுவதைப் போல வில்லை உடைப்பது வேறெதுவும் இல்லை. இறுக்கமானால் குதையின் உள்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். தளர்ந்தால் நூலை இன்னொரு சுற்று சுற்றலாம்.

நாண் உயரம்

பயிற்சிக்களத்தில் பிள்ளைகள் ‘பிரேஸ் ஹைட்’ என்பார்கள். நாண் ஏற்றிய வில்லில், பிடியின் உள்முகத்துக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. முட்டியைப் பிடியில் வைத்துக் கட்டைவிரலை நீட்டினால் நுனி நாணைத் தொட வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆள் கைக்கு ஆள் கை மாறும் என்பதால் அளவுகோலாலும் பாருங்கள். நேரான மூங்கில் வில்லுக்கு 15 முதல் 18 செ.மீ. வரை சாதாரணம்.

நாணை முறுக்கினால் அது குறுகி உயரம் கூடும். முறுக்கைப் பிரித்தால் குறையும். 15 செ.மீ.யில் தொடங்கி, இரண்டிரண்டு முறுக்காகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் சில அம்புகள் எய்யுங்கள். கண்ணைவிடக் காதுக்கு இங்கே வேலை அதிகம். உயரம் குறைவாக இருந்தால் நாண் சளசளக்கும், மணிக்கட்டில் அடிக்கும், பிடியில் நடுக்கம் தெரியும். ஓர் இடத்தில் ஒலி சட்டென்று அடங்கி ‘தும்’ என்று ஒற்றை ஓசையாகும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலும் முறுக்கினால் நாண் அம்பைத் தள்ளும் தூரம் குறைந்து அம்பு மெதுவாகும். வில்லுக்கும் வீண் பாரம். (சாத்தூரில் வில் என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வில்லிசைப் பிச்சைக்குட்டிதான். வீசுகோல் பட்டதும் வில் சரியாக ஒலிக்கிறதா என்று கேட்டுப் பழகிய காது உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை சட்டென்று பிடிபடும்.)

கிடைத்த அளவை வில்லின் உள்முகத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். தினமும் நாண் ஏற்றியதும் முதல் வேலை அதைச் சரிபார்ப்பது.

குதை நிற்கும் இடம்

அம்பு மேலும் கீழுமாக ஆடினால் குற்றம் பெரும்பாலும் இங்கே. ஆசாரியிடம் மூலைமட்டம் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு கையை நாணோடு ஒட்டி, மறுகையை அம்பு தங்கும் முட்டி உயரத்துக்கு நேராக வைத்தால், நாணில் செங்கோணம் விழும் இடம் தெரியும். அம்பின் குதை அதற்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கைமுட்டியில் அம்பு வைப்பவர்கள் 12 மி.மீ. மேலே தொடங்கலாம். பித்தளை வளையம் தேவையில்லை. தையல் நூலால் நாணில் இறுக்கிச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை தொட்டு வைத்தால் போதும். அம்பு அதற்குக் கீழே மாட்டும்.

மேலிருந்து கீழே இறங்கித்தான் சரிபார்க்க வேண்டும். இதில் பலர் ஏமாறுகிறார்கள். குதை மிகவும் தாழ்வாக இருந்தால், அம்பின் வால் முட்டியில் மோதித் துள்ளி, உயரமாக இருப்பதுபோலவே பாவனை காட்டும். அதைப் பார்த்து இன்னும் தாழ்த்தினால் நிலைமை மோசமாகும். உயரத்தில் தொடங்கி 2 மி.மீ. வீதம் இறக்கினால் இந்தக் குழப்பம் வராது.

பார்ப்பதற்கு ஒரு மரச்சட்டத்தில் பழைய செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, பின்னால் சாக்குமூட்டையை வைத்து எய்யுங்கள். முனை போட்ட ஓட்டையும் வால் கிழித்த கிழிசலும் தாளில் தனித்தனியாகத் தெரியும். வால் முனைக்கு மேலே கிழித்திருந்தால் குதையை இறக்குங்கள். கீழே கிழித்திருந்தால் ஏற்றுங்கள். இடவலக் கிழிசலை இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாம். அது அடுத்த பாடம்.

விறைப்பு

நாண் வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்போ வில்லின் இடப்பக்கம் கிடக்கிறது. அப்படியானால் கிளம்பும் அம்பு இடப்பக்கமாக விலகிப் போக வேண்டுமே? போவதில்லை, நேராகப் போகிறது. வில்லாளிகளை நெடுங்காலம் குழப்பிய இந்தப் புதிருக்கு 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதிவேகப் படக்கருவியால் விடை காட்டினார். அம்பு நேராகக் கிளம்பவே இல்லை. விரலை விட்ட கணத்தில் முதலில் வில்லை நோக்கி வளைகிறது, பிறகு எதிர்ப்பக்கம் வளைகிறது, அப்படி வளைந்து வளைந்து வாலை வில்லில் படாமல் சுற்றிக் கடத்திக்கொண்டு போய், பிறகுதான் அடங்குகிறது. (சிவகாசிக்காரர்களுக்கு ஒரு செய்தி: இதே ஹிக்மன் 1918-இல் ராபர்ட் கோடார்டோடு ராக்கெட் ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர்.)

வளைவது குற்றமல்ல, வேண்டியது. எவ்வளவு வளைகிறது, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பது வில்லின் பலத்தோடு ஒத்துப்போக வேண்டும். மிக விறைத்த தண்டு வளையாமல் இடப்பக்கம் தள்ளப்படும். மிகத் துவண்டது அளவுக்கு மீறி வளைந்து வலப்பக்கம் போகும். இரண்டுமே வழியில் வில்லில் உரசக்கூடும். “அண்ணே, அம்பு பாம்பு மாதிரி போகுது” என்று பையன்கள் சொல்வது இதைத்தான்.

முதலில் உங்கள் வில் உங்கள் இழுப்பில் எத்தனை பவுண்டு என்று தெரிய வேண்டும். வில் செய்தவர் சொன்ன கணக்கை நம்பாதீர்கள். உங்கள் கை நீளம் அவருக்குத் தெரியாது. பழைய இரும்புக் கடையில் தொங்கு தராசு இருக்கும். வில்லின் பிடியை ஒரு கிளையில் கட்டி, நாணில் கொக்கியை மாட்டி, உங்கள் இழுப்பளவுக்கு இழுத்துப் படியுங்கள். தராசு இல்லாவிட்டால் நாணில் வாளியைக் கட்டித் தண்ணீர் ஊற்றலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 கிலோ என்றால் ஏறக்குறைய 35 பவுண்டு. அளந்ததும் உடனே இறக்கிவிடுங்கள். இழுத்த நிலையில் வில்லை நிறுத்திவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது.

அடுத்து அம்பின் விறைப்பு. ஒரு பலகையில் 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி. தண்டை அவற்றின்மேல் படுக்கவைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுங்கள். 900 கிராம் படிக்கல்லோ மணல்பையோ போதும். எடை தொங்குமுன் நடு இருந்த இடத்துக்கும், தொங்கிய பின் இறங்கிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மி.மீ.யில் அளந்து, 660-ஐ அதால் வகுத்தால் வருவது தண்டின் விறைப்பு, பவுண்டில். 22 மி.மீ. இறங்கினால் 30, 16.5 இறங்கினால் 40. 13 சொச்சம் இறங்கினால் 50. கடையில் வாங்கும் மரத்தண்டுகளுக்கும் இதே முறைதான். கார்பன் அம்புகளின் மேல் 500, 600 என்று போட்டிருப்பது வேறு கணக்கு; அங்கே எண் கூடக்கூட அம்பு துவளும்.

எங்கே தொடங்குவது? பிடியில் வெட்டு இல்லாத மூங்கில் வில்லில், 28 அங்குல அம்புக்கு, உங்கள் இழுப்பின் பவுண்டுக்குச் சமமாகவோ ஐந்து குறைவாகவோ உள்ள விறைப்பில். 35 பவுண்டு இழுப்புக்கு 30 முதல் 35. அம்பு ஓர் அங்குலம் நீண்டால் ஐந்து பவுண்டு விறைப்பு கூடுதலாகத் தேவை. இதெல்லாம் தொடக்கத்துக்கு மட்டும். தீர்ப்பு சொல்வது இறகில்லாத அம்பு.

இறகில்லா அம்பு

இறகு குற்றத்தை மறைக்கும். மூன்று நல்ல இறகு ஒட்டினால் பொருந்தாத அம்புகூடப் பத்து மீட்டரில் நேராகத் தெரியும். 50 மீட்டர் போகும்போதுதான் வேகமிழந்து குட்டு வெளிப்படும். ஆகவே ஒரே தொகுதியில் இரண்டு மூன்று அம்புக்கு இறகு ஒட்டாமல் வையுங்கள். இறகின் எடைக்கு ஈடாக வாலில் ஒட்டுநாடா சுற்றுங்கள். இல்லாவிட்டால் வால் லேசாகிச் சோதனை பொய் சொல்லும்.

பத்து மீட்டரில் முதலில் இறகுள்ள அம்புகள் மூன்று, பிறகு இறகில்லாதவை. நன்றாக விடுபட்ட எய்தல்களை மட்டும் கணக்கில் எடுங்கள். விரல் இழுபட்டுப் போனதென்று உங்களுக்கே தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். இறகில்லாதவை கூட்டத்துக்கு வலப்பக்கம் விழுந்தால், அல்லது வால் இடப்பக்கம் சாய்ந்து குத்தி நின்றால், அம்பு துவள்கிறது. இடப்பக்கம் விழுந்தால், வால் வலப்பக்கம் சாய்ந்தால், விறைப்பு அதிகம். தாளில் பார்த்த இடவலக் கிழிசலுக்கும் இதே கணக்கு. வைக்கோலும் சாக்கும் அம்பைத் திருகிவிடும் என்பதால், சாய்வைவிட விழுந்த இடத்தையே அதிகம் நம்புங்கள். பத்து மீட்டரில் ஒன்றானதும் இருபதுக்குப் போங்கள்.

துவண்டால்: தண்டை வெட்டிக் குட்டையாக்கலாம், ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அல்லது லேசான முனை போடலாம். அல்லது பிடியில் அம்பு உரசும் பக்கத்தில் ஒரு தோல்துண்டை ஒட்டி அம்பைச் சற்று வெளியே தள்ளலாம். மூன்றில் தோல்துண்டுதான் மலிவு, திரும்பப் பிய்க்கவும் முடியும்; அதிலிருந்து தொடங்குங்கள். விறைத்தால்: கனமான முனை, அல்லது அடுத்த தொகுதியில் நீளமான தண்டு, அல்லது தண்டின் நடுப்பகுதியை உப்புத்தாளால் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்த்து மெலிய வைக்கலாம். சாதாரண முனை ஆறரை கிராம் இருக்கும். எட்டு கிராம் முனை போட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு பொறி உண்டு. அளவுக்கு மீறித் துவண்ட அம்பு வில்லில் அடித்துத் துள்ளி, இடப்பக்கம் போய், விறைத்த அம்பாக நடிக்கும். சந்தேகம் வந்தால் வில்லின் இடப்பக்கத்தில் முகப்பவுடர் தடவி எய்யுங்கள். அம்பின் வால்பக்கத்தில் பவுடர் ஒட்டியிருந்தால் உரசுகிறது. அப்போது அளவீட்டுப் பலகைக்குத் திரும்பிப் போய் எண்ணைப் பாருங்கள்.

அம்பின் மொத்த எடையும் கவனிக்க வேண்டியது. 35 பவுண்டு மூங்கில் வில்லுக்கு 23 கிராமுக்குக் குறைந்த அம்பு வேண்டாம். லேசான அம்பு வேகமாகப் போகும் என்பது உண்மைதான்; மிச்ச விசையை வில்தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு தொகுதிக்குள் அரை கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 50 மீட்டரில் மேலும் கீழும் விழும். நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் அவர் தராசு இதற்கு அருமை.

மூங்கில் தண்டை நேராக்குதல்

மூங்கில் தண்டு கணுவுக்குக் கணு வளைந்துதான் வரும். சாத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலக் கரிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கரியின் புகையில்லாத, சீரான தணல்தான் இதற்கு ஏற்றது. கணுவைத் தணலுக்கு மேலே உருட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். தோல் பளபளக்கத் தொடங்கும்போது எடுத்து, வளைவுக்கு எதிராக அழுத்தி, ஆறும்வரை பிடித்திருங்கள். பழுப்பேறினால் சூடு மிஞ்சிவிட்டது. அந்த இடம் பிறகு முறியும். கணுவின் மேட்டைத் தேய்க்கலாம். ஆனால் கணுக்களுக்கு இடையே உள்ள வழவழப்பான புறத்தோலைத் தொடாதீர்கள், அதில்தான் பலம் இருக்கிறது. தண்டின் நடுவைத் தேய்த்து மெலிய வைக்கலாம் என்று மேலே சொன்னது மரத்தண்டுக்கு. மூங்கிலுக்கு முனையின் எடையை மாற்றுவதே நல்லது.

அடிப்பக்கத்தை முனைக்கும் நுனிப்பக்கத்தை வாலுக்கும் வையுங்கள். கனம் முன்னால் இருக்கும். முடிந்த அம்பை விரல்மேல் வைத்து, எங்கே சமனாக நிற்கிறதோ அந்த இடம் நடுவிலிருந்து முனைப்பக்கம் 7 முதல் 10 செ.மீ. தள்ளி இருந்தால் நன்று. மூங்கிலில் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் துவண்டும் இருக்கும். ஆணிப்பலகையில் திருப்பித் திருப்பி அளந்து, விறைத்த பக்கம் வில்லைப் பார்க்கும்படி குதையை வெட்டுங்கள். தொகுதி முழுவதும் ஒரே மாதிரி. இதைச் செய்யாதவர்களின் அம்பு ஒன்று இடம், ஒன்று வலம் என்று போகும். அவர்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தணல் வேலையைப் பட்டாசுச் சரக்கு உள்ள வீட்டிலோ, தீப்பெட்டிக் குச்சி காயும் முற்றத்திலோ செய்யக் கூடாது என்று இந்தப் பகுதி வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இறகு

வான்கோழிச் சிறகு போதும். ஒரு அம்பில் ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகள்தான். இடச்சிறகையும் வலச்சிறகையும் கலந்தால் அம்பு சுழலாமல் தடுமாறும். மூன்று இறகு, சம இடைவெளி, ஒன்று வில்லுக்கு எதிர்ப்பக்கம் நேராக நிற்க. இறகின் முன்நுனித் தண்டை நூலால் சுற்றிப் பசை பூசுங்கள். கைமுட்டியில் அம்பு வைக்கும் நமக்கு அந்த நுனி கத்தி. காட்டில் மயில் ஏராளம் என்று அதன்பக்கம் போக வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. முயல் அடிக்கும் ஆசையையும் இதே மூச்சில் விட்டுவிடுங்கள். காராச்சேவு தின்ற கையோடு இறகைத் தொட்டால் எண்ணெய் பட்டுப் படுத்துவிடும். இது சட்டமில்லை, அனுபவம்.

எங்கே எய்வது

காலை ஏழு மணிக்குள். ஆடிக்காற்றில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். காற்று தள்ளியதை அம்பின் குற்றமென்று எண்ணி நல்ல தண்டை வெட்டிவிடுவீர்கள். கோடையில் வெடித்த கரிசலில் இலக்கைத் தவறிய அம்பு பாளத்துக்குள் புகுந்தால் கிடைக்காது. பின்னால் மண்மேடு வேண்டும், அதற்கு முன்னால் தரையில் பழைய சாக்கை விரித்துவையுங்கள். வைப்பாற்று மணலில் ஆள் நடமாட்டம் உண்டு, அங்கே வேண்டாம். பட்டாசு ஆலைகளின் அறைகள் காட்டுக்குள் தள்ளித் தள்ளி நிற்கும். வெறும் பொட்டல் என்று தோன்றும் இடத்துக்குப் பின்னாலும் ஒன்று இருக்கலாம். இரும்பு முனை கல்லில் பட்டால் பொறி பறக்கும். எய்யும் திசையில் கண்ணுக்கெட்டும் தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்து நில்லுங்கள்.

இனி அரம்

இத்தனையும் செய்த பிறகும் அம்பு மேலும் கீழும் ஆடுகிறது, குதையை எங்கே வைத்தாலும் தீரவில்லை, கையில் உதைப்பு தெரிகிறது என்றால் வில்லின் இரு பாதிகளும் ஒத்து வளையவில்லை. பிள்ளைகள் சொல்லும் ‘மேல் லிம்ப்’, ‘கீழ் லிம்ப்’. நாண் ஏற்றி, பிடி முடியும் இடத்தில் மேலேயும் கீழேயும் நாணுக்குள்ள தூரத்தை அளங்கள். கை நடுவுக்குச் சற்றுக் கீழே பிடிப்பதாலும், அம்புக்குக் கீழே இரண்டு விரல் இழுப்பதாலும், கீழ்ப்பாதி கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். மேலே உள்ள தூரம் 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருந்தால் சரி. மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவருக்கு இரண்டும் சமம்.

கீழ்ப்பாதி அதிகம் வளைந்திருந்தால் சீவ வேண்டியது மேல்பாதியை. வயிற்றுப்பக்கம் மட்டும், இலக்கைப் பார்க்கும் முதுகின் பச்சைத்தோலில் அரம் பட்டால் அந்த வில் முடிந்தது. கண்ணாடித் துண்டின் விளிம்பால் நீளவாட்டில் பத்துச் சுரண்டல், பிறகு நாண் ஏற்றி, பாதி இழுப்பில் இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். (இழுத்துக் கையோடு திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும், சுண்டக் கூடாது.) மூங்கில் தன் புதிய வடிவத்துக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு அளவு எடுங்கள். மாற்றம் தெரியாவிட்டால் இன்னும் பத்து. வித்தியாசம் வேண்டிய அளவுக்கு ஒரு மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிட்டு, ஒரு வாரம் எய்துவிட்டுத் திரும்ப அளங்கள். மிச்சம் பெரும்பாலும் தானே சரியாகியிருக்கும். சீவிய வில்லின் பலம் குறைந்திருக்கும் என்பதால் தொங்கு தராசில் மறுபடி எடை பார்த்து, இறகில்லா அம்பை மீண்டும் ஒருமுறை எய்து, முனையை அதற்கேற்பக் கனப்படுத்துங்கள்.